வில்லுப்பாட்டை ஒளித்துவைக்காதீர்கள்!

கேள்வி: ப்ளஸ் டூ படிக்கிறேன். அப்பா வில்லுப்பாட்டுக் கலைஞர். கோயில் கொடைத் திருவிழாக்களில் நானும் குடம் அடிப்பேன். காலேஜில் நாடகம் படிக்க ஆசை. அப்பா பி.காம். சேரச் சொல்கிறார். சேர்க்கைத் தேர்வில் நடித்துக் காட்டச் சொன்னால் சினிமா வசனம் பேசலாமா? வில்லுப்பாட்டு என்றால் மதிப்பார்களா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சினிமா வசனம் வேண்டாம் தம்பி. அந்த நடிகர் எப்படிப் பேசினார் என்பது தேர்வாளர்களுக்கும் தெரியும். உங்களை விட்டுவிட்டு அவரைத்தான் பார்ப்பார்கள்.

மதிப்பார்களா என்று கேட்கிறீர்களே, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே, அதாவது நாட்டுப்புறக் கதை, பாட்டு பற்றிய படிப்புக்கென்றே, ஒரு துறை இருக்கிறது. உங்கள் அப்பா பாடுகிற கதைகள் அங்கே பாடம்.

தேர்வில் நடித்துக் காட்ட, வில்லுப்பாட்டில் பாடுகிற முத்துப்பட்டன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் இறந்த சேதி அவன் மனைவிகள் பொம்மக்காவுக்கும் திம்மக்காவுக்கும் வந்து சேரும் இடம். கதை சொல்கிறவராகத் தொடங்கி, ஒரே மூச்சில் பொம்மக்காவாகி, மறுபடி கதை சொல்கிறவராகத் திரும்ப வேண்டும். அப்பா இதை விடிய விடியச் செய்கிறார். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். பக்கத்தில் 'ஆமா' போட ஆளும் இருக்காது. அந்த 'ஆமா'வில் மூச்சு வாங்கிப் பழகியவர்கள் தனியாக நின்றால் தடதடவென்று ஓடிவிடுவார்கள். அதனால் வில்லும் குடமும் இல்லாமல், எழுந்து நின்று சொல்லிப் பழகுங்கள். பாதியில் நிறுத்தி, "இதையே பாடாமல் செய்" என்று சொன்னால் முழிக்கக் கூடாது. அப்பாவையே தேர்வாளராக உட்காரவையுங்கள். அவர் கோபமும் கொஞ்சம் இறங்கும்.

சரி, எங்கே சேர்வது? நம்மூர் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே ஒரு நாடகம் இருக்கிறது, 1891-இல் சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயம். ஆனாலும் நாடகத்தில் இளங்கலை என்றால் நம் பக்கம் வாய்ப்பு குறைவு. திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது; அங்கே நாடகக் கலையில் இளங்கலைப் பட்டம் உண்டு. திருச்சூர் போகிற பாலருவி எக்ஸ்பிரஸ் ரயில் உங்கள் பக்கமாகத்தான் போகிறது. மலையாளம் பழக வேண்டியிருக்கும், அது பெரிய மலை இல்லை. வெளிமாநில மாணவர்களுக்கான விதி, கடைசித் தேதி எல்லாம் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் பி.காம். சேருங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலை இருக்கிறது. தில்லி தேசிய நாடகப் பள்ளிக்கும் முதலில் ஒரு பட்டம் வேண்டும், கூடவே நாடகங்களில் பங்கெடுத்த அனுபவமும் கேட்பார்கள். அந்த மூன்று வருடமும் கொடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். கல்லூரி நாடகக் குழுவிலும் சேருங்கள்.

அப்புறம் ஒன்று. அனுபவத்துக்குச் சான்று கேட்டால் வாய்வார்த்தை போதாது. அடுத்த கொடைக்கு நோட்டீஸ் அடிக்கும்போது, குடம் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் போடச் சொல்லி, ஒரு பிரதியை பத்திரமாக எடுத்துவையுங்கள்.