சுருள் கேபிள் பூட்டு: கேட்டவர்களுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் 30 வருஷமாக சைக்கிள் வேலை பார்க்கிறேன். கேபிள் பூட்டு விறைப்பாக இருக்கிறது, கைக்கு அடங்கவில்லை என்று பலர் கேட்டிருந்தீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாய்: அண்ணாச்சி, பையனுக்குப் புதுப் பூட்டு வாங்கிக் கொடுத்தேன். இழுத்தால் வெடுக்கென்று திரும்பச் சுருண்டுகொள்கிறது. ஆறாம் வகுப்புதான் படிக்கிறான், அவன் கைக்கு அது முடியவில்லை. பூட்டாமலே விட்டுவிட்டு வந்துவிடுகிறான்.

பையன் மேல் தப்பில்லை, தாயி. உள்ளே இருப்பது மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிய வடம். மேலே பி.வி.சி. உறை. அந்த உறையை உருளையில் சுற்றி, சூடு காட்டி, ஆறவைத்துத்தான் சுருள் வரவழைக்கிறார்கள். சுருட்டிய சூடே அதைத் தளர்த்தவும் செய்யும்.

வாளியில் வெந்நீர் எடுங்கள். கொதிக்க வேண்டாம், 60, 70 டிகிரி போதும். விரல் வைத்தால் உடனே எடுத்துவிடுவோமே, அந்தச் சூடு. நீங்களே செய்யுங்கள், பையனைச் செய்யவிட வேண்டாம். பூட்டுத் தலையை பாலிதீன் பையால் கட்டி வாளிக்கு வெளியே தொங்கவிடுங்கள், உள்ளே தண்ணீர் போனால் துரு பிடிக்கும். சுருள் மட்டும் பத்து நிமிஷம் முங்கட்டும். துணியால் பிடித்து எடுத்துத் துடைத்து, காலி பெயின்ட் டப்பா மாதிரி அகலமான ஒன்றின் மேல், அது சுருண்டிருந்த அதே திசையில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். காலையில் அவிழ்த்தால் நெருக்கமான சுருள் போய்ப் பெரிய வளையமாக நிற்கும். போதவில்லையென்றால் இன்னொரு தடவை செய்யுங்கள். ஒரேயடியாக நேராக்கிவிட வேண்டாம். நேரான கேபிள் ஓட்டும்போது தொங்கி, போக்ஸ் கம்பியில் மாட்டும்.

டவுணிலிருந்து: வெந்நீருக்குப் பதில் மொட்டை மாடி வெயில் போதாதா?

நம்ம ஊர் சித்திரை வெயிலுக்குத் தாராளமாகப் போதும். டப்பாவில் சுற்றிக் கட்டி மத்தியானம் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, நிழலில் ஆறவிட்டு அவிழ்க்கவும். ஆனால் தினமும் வெயிலில் காய்கிற பூட்டு வருஷம் போகப் போக இன்னும் விறைக்கும். பி.வி.சி.யை வளைய வைப்பதற்கென்று எண்ணெய் போல ஒரு பொருள் கலந்திருப்பார்கள். வெயிலில் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வெடிப்பு விட்ட பழைய உறைக்கு எந்த வைத்தியமும் கிடையாது, மாற்றிவிடுங்கள்.

பெருமாள்புரம், கல்லூரி மாணவி: சக்கரத்தையும் கம்பத்தையும் சுற்றிக் கொண்டுவந்தால் முனை துவாரத்துக்கு நேரே வராமல் திருகிக்கொண்டு நிற்கிறது. தினமும் ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டுகிறேன்.

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். கயிற்றுக்கட்டை நடுவிலிருந்து உருவினால் கயிறு முறுக்கிக்கொண்டு வரும். கட்டை உருட்டி அவிழ்த்தால் நேராக வரும். பூட்டும் அப்படித்தான். முனையைத் திரும்பவிடாமல் இறுக்கிப் பிடித்து இழுத்தால், ஒரு சுருளுக்கு ஒரு முறுக்கு கேபிளுக்குள் ஏறும். பத்து சுருள் என்றால் பத்து முறுக்கு. அந்த முறுக்குதான் உங்கள் கையோடு மல்லுக்கட்டுகிறது.

இடது கையில் பூட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கையில் முனையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே லேசாக, பேனா பிடிப்பதுபோலப் பிடியுங்கள். இழுக்க இழுக்க அது விரலுக்குள் தானாகச் சுழலும், சுழலவிடுங்கள். துவாரத்துக்குக் கிட்டே வந்ததும் எந்தப் பக்கம் இலகுவாகப் போகிறதோ அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பினால் டக்கென்று உட்காரும். தலையை முதலிலேயே சீட்டுக் கம்பியில் அதன் கிளிப்பில் மாட்டிவிட்டால் ஒரு கை மிச்சம்.

திசையன்விளையிலிருந்து: அண்ணாச்சி, எங்கள் பக்கம் தேரி மண் புழுதி. சாவி திரும்பவில்லை என்று தேங்காய் எண்ணெய் விட்டேன். ஒரு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்னைவிட மோசம்.

எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்தால் உள்ளே சாந்துதான். போதாததற்கு, தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் சாவி நகராததற்கு அதுவும் ஒரு காரணம். சைக்கிள் பம்பால் சாவித் துவாரத்தில் நாலு தடவை காற்றடித்து, கிராஃபைட் பொடியைக் கொஞ்சம் போட்டுச் சாவியைப் பத்துத் தடவை உள்ளே வெளியே விடுங்கள். அது ஈரப்பசை இல்லாதது, மண்ணைப் பிடித்து வைக்காது. அவசரத்துக்கு 2பி பென்சில் முனையைச் சாவியின் பல்லில் நன்றாகத் தேய்த்துப் போட்டாலும் வேலை நடக்கும்.

திருச்செந்தூரிலிருந்து: உப்புக் காற்றுக்கு மண்ணெண்ணெய் போட்டுக் கேபிளைத் துடைத்து வருகிறேன். சரிதானா?

வேண்டாம். வளைவைக் கொடுக்கும் அந்தப் பொருளை மண்ணெண்ணெய் உறிஞ்சி எடுத்துவிடும். ஈரத்துணி போதும். பூட்டுக்குள் போகும் உலோக முனைக்கு மட்டும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள்.

பேட்டையிலிருந்து: நம்பர் பூட்டு வாங்கலாமா?

நாலு எண் சக்கரம் உள்ளதாக வாங்குங்கள். மூன்று என்றால் 1000 எண்தான், ஒருவன் பொறுமையாக உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் திறந்துவிடுவான். நாலு என்றால் 10,000.

ஜங்ஷனிலிருந்து: வெந்நீர் வைத்தியம் பார்த்த பூட்டு, ராத்திரி வெளியே நிறுத்துவதற்குத் தாங்குமா?

வெந்நீரால் பலம் குறையாது, பலம் உள்ளே இருக்கும் எஃகில்தான். ஆனால் அந்த எஃகே மெல்லிய இழைகள், நல்ல கட்டர் ஒன்று இருந்தால் நொடியில் போய்விடும். கேபிள் பூட்டு பால் வாங்கப் போகவும் டீ குடிக்கவும்தான். ராத்திரிக்குக் கட்டியான சங்கிலியோ, யு வடிவ இரும்புப் பூட்டோ போடுங்கள்.

ஒன்று மட்டும் என் சொந்த அனுபவம். பல வருஷத்துக்கு முன்னால், கேபிள் விறைத்துக்கொண்டு சட்டம் வரை எட்டவில்லை. அவசரத்தில் முன் சக்கரத்தையும் கம்பத்தையும் மட்டும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது கம்பத்தில் சக்கரம் மட்டும் நின்றது. பூட்டில் ஒரு கீறல் இல்லை. அதனால்தான் பூட்டைத் தளர்த்துவது பற்றி இவ்வளவு சொல்கிறேன். சட்டத்தையும் பின் சக்கரத்தையும் கம்பத்தோடு ஒரே சுற்றில் வளைத்துக் கொண்டுவர வேண்டும். அதற்கு எட்டவில்லையென்றால் நீளம் கூடுதலான பூட்டாக மாற்றிவிடுங்கள்.

வண்ணார்பேட்டையிலிருந்து: அப்பாவுக்கு 72 வயது, விரல் மடங்காது. கோயிலுக்கு சைக்கிளில்தான் போவார். எந்தப் பூட்டு லேசாக இருக்கும்?

அவருக்குக் கேபிளே வேண்டாம். பின் சக்கரத்தின் மேல் சட்டத்தோடு பொருத்துகிற பழைய வளையப் பூட்டு மாட்டிக்கொடுங்கள். நெம்புகோலை ஒரே தள்ளு, பூட்டிக்கொள்ளும். சாவியில் ஒரு பெரிய துணி வளையம் கட்டிவிட்டால் விரல் மடங்காமலே திருப்பிவிடுவார்.