ஒரே லேப்டாப்பில் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 12, 16 வெர்ஷன்கள் இரண்டையும் ஓட்ட முடியுமா?

தாராளமாக ஓட்டலாம். பழைய க்ளையன்ட் வேலைக்கு 12, புது ப்ராஜெக்ட்டுக்கு 16 என்று என் உபுண்டு லேப்டாப்பில் இரண்டும் ஓடுகின்றன. நான் இருப்பது பெங்களூரு மாரத்தஹள்ளியில் ஒரு பிஜி ஹாஸ்டலில். போஸ்ட்கிரஸையும் சுருக்கமாக பிஜி என்பார்கள். "உன் லேப்டாப்பிலும் ரெண்டு பிஜி குடியிருக்கா?" என்று ரூம்மேட் கிண்டலடிப்பான். கணக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆளுக்கொரு கதவு, ஆளுக்கொரு பீரோ.

கதவு என்பது போர்ட், அதாவது சர்வருக்குள் நுழையும் எண். முதலில் போட்டதற்கு 5432, அடுத்ததற்கு 5433 என்று உபுண்டுவே கொடுத்துவிடும். பீரோ என்பது டேட்டா ஃபோல்டர். அதுவும் வெர்ஷன் எண் பெயரில் தனித்தனியாகவே உருவாகும். 12-இன் ஃபோல்டரைக் காட்டி 16-ஐக் கிளப்பிப் பார்க்காதீர்கள், ஸ்டார்ட் ஆகாது. நல்லவேளை, டேட்டாவைக் கெடுக்காமல் மறுத்துவிடும். உபுண்டுவின் சொந்த ரெப்போவில் (சாஃப்ட்வேர் இறக்கும் கிடங்கில்) ஒரு வெர்ஷன்தான் கிடைக்கும் என்பதால், போஸ்ட்கிரஸ்காரர்களின் ரெப்போவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் செய்வதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் நம் கையில்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில், 16-இல் இருந்த ஆர்டர்ஸ் டேபிளைக் காலி செய்ய உட்கார்ந்தேன். போர்ட் எண் போடாமல் உள்ளே போனதால் நேராக 5432-க்கு, அதாவது 12-க்குப் போய்விட்டது. அங்கேயும் அதே பெயரில் ஒரு டேபிள். டேபிளைக் காலி செய்யும் ட்ரங்கேட் கமாண்டை அடித்து என்டர் தட்டிய பிறகுதான் உறைத்தது. முந்தின நாள் எடுத்த டம்ப் (பேக்கப் நகல்) இருந்ததால் பிழைத்தேன், பஸ் போய்விட்டது.

அப்புறம் செய்த முதல் வேலை, கமாண்ட் அடிக்கும் பிஎஸ்கியூஎல் டூலின் ப்ராம்ப்ட்டில் போர்ட் எண் எப்போதும் தெரிகிற மாதிரி மாற்றியது. ப்ராம்ப்ட் அமைப்பில் சதவீதக் குறியும் அதை ஒட்டி 'பெரியது' குறியும் போட்டால் போதும், எந்தக் கதவுக்குள் நிற்கிறோம் என்று காட்டிக்கொண்டே இருக்கும்.

டேட்டாவை 12-இலிருந்து 16-க்கு மாற்றும்போது 16-உடன் வரும் பிஜி டம்ப் என்ற பேக்கப் டூலையே பயன்படுத்துங்கள். புதியது பழைய சர்வரைப் படிக்கும். பழையது புதிய சர்வரைத் தொடாது.

இரண்டுக்கும் மெமரி போதுமா என்றால், போதும். ஷேர்டு பஃபர்ஸ் எனும் பொது மெமரி ஒவ்வொன்றுக்கும் 128 எம்பிதான் டீஃபால்ட், 8 ஜிபி லேப்டாப் தாங்கும். ஒன்றை மட்டும் நிறுத்த வேண்டுமானால் வெர்ஷனோடு சேர்த்துப் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். வெறுமனே போஸ்ட்கிரஸ் சர்வீஸை நிறுத்தினால் இரண்டுமே படுத்துவிடும். 12-க்கு 2024 நவம்பரோடு சப்போர்ட் முடிந்துவிட்டது, லேப்டாப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.