கூத்துக்கு மிரர்லெஸ்ஸா, காம்பேக்ட்டா?

இரவுக் கூத்தைப் படமெடுக்க லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமரா வாங்குவதா, லென்ஸ் கழற்ற முடியாத சின்ன காம்பேக்ட் வாங்குவதா என்று கேட்கிறீர்கள். அகலத் திறப்புள்ள எஃப்/1.8 லென்ஸ் ஒன்றும் சேர்த்து வாங்க முடிந்தால் மட்டும் மிரர்லெஸ். கேமராவோடு வரும் கிட் லென்ஸோடு நிறுத்திக்கொள்வதென்றால் 1 இன்ச் சென்சார் (ஒளியை வாங்கும் சில்லு) உள்ள காம்பேக்ட்டே போதும்.

பென்னாகரத்தில் நண்பரின் மிரர்லெஸ்ஸில் எடுத்த இரவுக் கூத்துப் படங்கள் புள்ளிபுள்ளியாக வந்தன என்கிறீர்கள். அநேகமாகக் காரணம் கேமரா இல்லை, லென்ஸ். பல மிரர்லெஸ்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் பரப்பு 1 இன்ச் சென்சாரைப் போல மூன்று மடங்கு. ஆனால் 16-50 எம்எம் கிட் லென்ஸை நெருக்கமாக எடுக்க 50க்குத் தள்ளினால் திறப்பு எஃப்/5.6 ஆகச் சுருங்கிவிடும் (எண் கூடக்கூடத் திறப்பு சிறிது). 24-70 வகை (35 எம்எம் ஃபிலிம் கணக்கில்) நல்ல காம்பேக்ட் அதே நெருக்கத்தில் எஃப்/2.8 தரும், ஒளி நான்கு மடங்கு. பெரிய சென்சாருக்குக் கொடுத்த காசு அங்கேயே கரைந்துவிடுகிறது!

அந்தப் படங்களின் விவரத்தைத் திறந்து பாருங்கள். எஃப்/5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு, கூடினால் புள்ளியும் கூடும்) 12800 என்றிருந்தால் லென்ஸ்தான். 50 எம்எம் எஃப்/1.8 போட்டால் அதே ஷட்டர் வேகத்தில் ஐஎஸ்ஓ 1250 அளவுக்கு இறங்கும். ஷட்டர் 1/60 நொடியைவிட மெதுவாக இருந்தால் அது வேறு கோளாறு: அடவு போடும் கால் எந்தக் கேமராவிலும் இழுபடும், 1/250 வையுங்கள். எல்இடி விளக்கில் பட்டை பட்டையாக விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு, அங்கே மட்டும் 1/100 வையுங்கள்.

ஒன்று: 24-200 போன்ற நீள ஜூம் காம்பேக்ட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் திறப்பு சிறியது. ஒகேனக்கல் பரிசலில் சாரல் அடிக்கும்போது அணைத்தால் காம்பேக்ட்டின் லென்ஸ் ஈரத்தோடு உள்ளே போகும். துடைத்த பிறகே அணையுங்கள்.