ஹாஸ்டல் பெட்டியைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கலாமா?

கேள்வி: எங்களுக்குச் சங்கரன்கோவில். நான் விசைத்தறி வைத்திருக்கிறேன். மகன் சென்னைக்கு வெளியே, ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கல்லூரி ஹாஸ்டலில் நான்கு பேர் தங்கும் அறை. ஜூலையில் முதல் தவணை 65,000 ரூபாய் கட்டினேன்: அறைக்கு 30,000, ஐந்து மாத மெஸ்ஸுக்கு 35,000. சேர்ந்தபோதே காஷன் டெபாசிட் 15,000 கொடுத்தாயிற்று. ஆடித் தபசுக்கு ஊருக்கு வந்து போனவனுக்கு செப்டம்பர் நடுவில் மஞ்சள் காமாலை. மூன்று வாரம் வீட்டில் இருந்தான். மெஸ் சாப்பாடு வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் இப்போது தாம்பரத்தில் என் தங்கை வீட்டில் இருந்து போய் வருகிறான். அவன் பெட்டி, லேப்டாப் எல்லாவற்றையும் வார்டன் ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டாம் தவணை 65,000 கட்டினால்தான் பெட்டியும் ஹால் டிக்கெட்டும் தருவார்களாம். சேர்க்கையின்போது வாங்கிய பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று விண்ணப்பத்தில் இருந்ததாம். நானும் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். இதுவரை எல்லாம் போனில்தான் பேசியிருக்கிறோம். வாடகை வீட்டுச் சட்டத்தில் கேஸ் போட முடியுமா?

பதில்: வாடகைச் சட்டத்தை மறந்துவிடுங்கள் ஐயா. 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் வீடு பிடித்து ஒப்பந்தம் போட்டு இருப்பவர்களுக்கு. உங்கள் மகன் சட்டத்தின் கண்ணில் குடியிருப்பவர் அல்ல. ‘லைசென்ஸ்’ பெற்றவர், அதாவது இன்னொருவர் இடத்தில் அவர் அனுமதியோடு தங்குபவர். இன்று இந்தக் கட்டில், நாளை அந்தக் கட்டில் என்று அவர்கள் மாற்றலாம். அறைச் சாவி ஒன்று வார்டனிடமும் இருக்கும். வாடகைதாரரைக் காலி செய்ய வைக்க நீதிமன்றம் போகவேண்டும். ஹாஸ்டல் மாணவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று நினைக்காதீர்கள். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் என்று ஒரு பழைய சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர்களே அதை எடுத்துப் படிப்பது குறைவு. அதில் 63-வது பிரிவு, அனுமதியை முடித்துக்கொண்டால் தங்கியிருந்தவர் வெளியேறவும் தன் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தரவேண்டும் என்கிறது. 64-வது பிரிவு, காசு வாங்கிக்கொண்டு தங்கவிட்டவர், தங்கியவர் மேல் தப்பில்லாதபோது பாதியில் வெளியேற்றினால் இழப்பீடு தரவேண்டும் என்கிறது. உங்கள் மகனை யாரும் வெளியேற்றவில்லை, அவராகத்தான் போனார். ஆகவே 64 அவ்வளவாக உதவாது. 63 உதவும்.

நீங்கள் பணத்தில் தொடங்கினீர்கள். நான் பெட்டியில் தொடங்குகிறேன். அடுத்தவர் பொருளைப் பாக்கிக்காகப் பிடித்து வைக்கும் பொதுவான உரிமையை, ஒப்பந்தச் சட்டத்தின் 171-வது பிரிவு சிலருக்கு மட்டும்தான் தருகிறது: வங்கிகள், சரக்கு விற்பனை முகவர்கள், துறைமுகத்தில் சரக்கை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், உயர் நீதிமன்ற வழக்கறிஞர்கள், காப்பீட்டுத் தரகர்கள். மற்றவர்களுக்கு வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கவேண்டும். ஹாஸ்டல் வார்டன் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. (வழக்கறிஞர்கள் இருக்கிறோமே என்று சந்தோஷப்படவும் வழியில்லை. ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக்கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் எங்களுக்கே சொல்லிவிட்டது.) விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘பாக்கி இருந்தால் உடைமைகள் நிறுத்திவைக்கப்படும்’ என்று அதில் ஒரு வரி இல்லையென்றால் அந்தப் பூட்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

எனவே முதல் கடிதம் பெட்டிக்காக மட்டும். மகனுக்கு 18 வயது தாண்டிவிட்டதால் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். அப்பா எழுதினால் ‘மாணவர் கேட்கவில்லையே’ என்பார்கள். முதல்வருக்கு எழுதி, நகலை வார்டனுக்கு அனுப்பவேண்டும். இன்ன தேதியிலிருந்து ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டேன், காரணம் உடல்நிலை, மருத்துவச் சான்று இணைத்திருக்கிறேன், ஸ்டோர் ரூமில் இருக்கும் இன்னின்ன பொருட்களை ஏழு நாளுக்குள் ஒப்படையுங்கள். அவ்வளவுதான். லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதுங்கள், பில் இருந்தால் சேருங்கள். ஸ்பீடு போஸ்டில், ஒப்புகையோடு போகட்டும். அதையே கல்லூரி மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். போனில் நீங்கள் பேசிய பேச்சுக்கெல்லாம் சாட்சி ஏது? காலி செய்ததாக எழுத்தில் ஒரு வரிகூட இல்லாதவரை அவர் ஹாஸ்டலில் இருப்பதாகவே கணக்கு ஓடும். ஆகவே கடிதம் இன்றே போகவேண்டும்.

ஏழு நாளில் தராவிட்டால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், ‘சிவில் மேட்டர்’ என்பார்கள். பெரும்பாலும் ரசீதோடு ஒரு ஏட்டு கல்லூரிக்கு ஒரு போன் போட்டாலே பெட்டி வெளியே வந்துவிடும்.

ஹால் டிக்கெட்டுக்கு வருகிறேன். தேர்வு எழுத பல்கலைக்கழகம் கேட்பது தேர்வுக் கட்டணமும் வருகைப்பதிவும். ஹாஸ்டல் பாக்கி அந்தப் பட்டியலில் சேராது. அதுவும் இது எப்படிப்பட்ட பாக்கி? அவர் தங்காத, சாப்பிடாத மாதங்களுக்கு, இன்னும் ஆரம்பிக்காத தவணை. ஆனால் எனக்குப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரி என்றால் 75 சதவீத வருகை வேண்டும். 65-க்கும் 75-க்கும் இடையில் இருந்தால் மருத்துவக் காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். மகன் மூன்று வாரம் போகவில்லை. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் துறைத் தலைவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கியாயிற்றா? இல்லையென்றால் நாளைக்கே செய்யச் சொல்லுங்கள். ஹாஸ்டல் சண்டையில் கவனம் முழுவதும் போய், வருகைப்பதிவில் செமஸ்டரை விட்ட பையன்களைப் பார்த்திருக்கிறேன். கல்லூரிக்கும் அது வசதியான காரணமாகிவிடும்.

மார்க் ஷீட் விஷயத்தில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சேர்க்கையின்போது ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டு மாணவரிடமே திருப்பித் தரவேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018 அக்டோபரில் அறிவித்தது. பொறியியல் கல்லூரிகளைக் கவனிக்கும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் அதையேதான் சொல்கிறது. சான்றிதழ் ஒன்றும் விலை பேசி விற்கும் சரக்கல்ல, அதன்மேல் பிடிப்புரிமை கிடையாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

சான்றிதழ், ஹால் டிக்கெட், கட்டணம் மூன்றுக்கும் அடுத்த வாசல் கல்லூரிக்குள்ளேயே இருக்கிறது. 2023-ல் யு.ஜி.சி. கொண்டுவந்த மாணவர் குறைதீர் விதிகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்கவேண்டும். ஆவணங்களைத் தராமல் வைத்திருப்பதும் அந்த விதிகளில் குறையாகவே வருகிறது. குழு 15 வேலை நாளில் அறிக்கை தரவேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் 30 நாளில் முடிக்கவேண்டும். ‘அவர்கள் கல்லூரிக் குழு அவர்களுக்குத்தானே பேசும்’ என்று கேட்பீர்கள். பேசலாம்தான். ஆனாலும் பைசா செலவில்லை; அதோடு நாளைக்கு உயர் நீதிமன்றம் போனால் ‘முதலில் எங்கே கேட்டீர்கள்’ என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

தேர்வு நெருங்கிவிட்டது, குழுவும் அசையவில்லை என்றால் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது ‘இதைச் செய்யச் சொல்லி உத்தரவிடுங்கள்’ என்று கேட்கும் மனு போடலாம். சங்கரன்கோவில் மதுரைக் கிளைக்குள் வருகிறது என்று மதுரைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கல்லூரி இருப்பதும் பிரச்சினை நடந்ததும் சென்னைப் பக்கம், மனு சென்னையில்தான். ஹால் டிக்கெட்டுக்கும் சான்றிதழுக்கும் ரிட் சரியான வழி. ஹாஸ்டல் பணத்தைத் திரும்பக் கேட்டு அங்கே போகாதீர்கள், வேறு மன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

இனி பணம். வாட்ஸ்அப்பில் ஓர் அட்டவணை சுற்றுகிறது: சேர்க்கைக்கான கடைசி தேதிக்கு 15 நாள் முன்பு விலகினால் இவ்வளவு, பின்பு விலகினால் இவ்வளவு என்று. யு.ஜி.சி. அட்டவணைதான், பொய்யில்லை. ஆனால் அது படிப்பையே விட்டு விலகுபவர்களுக்கு. உங்கள் மகன் படிப்பைத் தொடர்கிறார், ஹாஸ்டலை மட்டும் விடுகிறார். அந்த அட்டவணையைக் காட்டி நோட்டீஸ் அனுப்பினால் எதிர்த்தரப்பு ஒரே வரியில் மடக்கிவிடும்.

கையெழுத்துப் போட்டதற்கு வருகிறேன். ‘எக்காரணம் கொண்டும்’ என்ற வார்த்தைக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, ஒருவர் பாதியில் விலகினால் மற்றவருக்குக் கிடைப்பது நியாயமான இழப்பீடு. எழுதி வைத்த தொகை முழுவதும் தானாகக் கிடைத்துவிடாது. 2015-ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், நஷ்டமே ஏற்படாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று தெளிவாகச் சொன்னது. இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். மெஸ் மாதம் 7,000. ஜூலை, ஆகஸ்ட், பாதி செப்டம்பர் சாப்பிட்டார், அது 17,500. மீதி 17,500-க்குக் கல்லூரி ஒரு பிடி அரிசிகூட அவருக்காக உலையில் போடவில்லை. நான் படித்த காலத்து ஹாஸ்டலில் டிவைடிங் முறை இருந்தது: மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்ட நாட்களால் வகுப்பார்கள், ஊருக்குப் போனவனுக்கு அந்த நாள் கழியும். தட்டு எண்ணிக்கை எழுதிய நோட்டு ஒன்று மெஸ் வாசலில் தொங்கும். உங்கள் கல்லூரியிலும் ‘மெஸ் ரிபேட்’ விதி இருக்கிறதா என்று ஹாஸ்டல் கையேட்டில் பாருங்கள். இருந்தால் இந்த வாதமெல்லாம் தேவையே இல்லை.

அறைக்கான 30,000 கஷ்டம். படிப்பு நடுவில் அந்தக் கட்டிலுக்கு ஆள் கிடைக்கவில்லை, எங்களுக்கு நஷ்டம் என்பார்கள். அதில் நியாயமும் உண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. நான்கு பேர் அறையில் ஒருவர் காய்ச்சலோடு ஊருக்குப் போனால் அவர் பெட்டி கட்டிலுக்கு அடியில்தானே கிடக்கும்? அதை ஏன் ஸ்டோர் ரூமுக்குத் தூக்கினார்கள்? அந்தக் கட்டிலில் வேறு பையன் வந்துவிட்டானா? வந்துவிட்டால் நஷ்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே கட்டிலுக்கு இரண்டு வசூல். அறைத் தோழர்களிடம் மகன் கேட்டுப் பார்க்கட்டும்.

டெபாசிட் 15,000 முழுதாக வரவேண்டியது. உடைந்த பொருள் இருந்தால் மட்டும் பில்லோடு கழிக்கலாம். இரண்டாம் தவணை 65,000-ஐ இப்போது கட்டாதீர்கள்.

நுகர்வோர் ஆணையம் போகலாமா? நேர்மையாகச் சொன்னால் இதில் இழுபறி இருக்கிறது. கல்வி ‘சேவை’ அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் பி.டி. கோஷி வழக்கில் சொன்னது. 2020-ல் தேசிய ஆணையமும் மனு சோலங்கி வழக்கில் கல்வி நிறுவனங்களை விலக்கி வைத்தது. சோறும் கட்டிலும் கல்வி அல்ல என்று நான் வாதாடுவேன், ஆனால் ஜெயிப்பேன் என்று எழுதித் தரமாட்டேன். ரசீதை எடுத்துப் பாருங்கள். ஹாஸ்டல் பணத்துக்குக் கல்லூரி பெயரில் அல்லாமல் வேறொரு அறக்கட்டளை பெயரில் ரசீது கொடுத்திருந்தால் நம் வாதம் பலப்படும். இரண்டு வருடக் காலவரம்பு இருக்கிறது. நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்துக்கான ஆணையத்திலேயே போடலாம். பெட்டியும் சான்றிதழும் வந்தபிறகு நிதானமாக முடிவு செய்யுங்கள். இதுவே தனியார் நடத்தும் ஹாஸ்டலாக இருந்தால் யோசிக்காமல் நுகர்வோர் ஆணையம்தான். அதுவும் பெண்கள் ஹாஸ்டல் என்றால், 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி கலெக்டரிடம் உரிமம் பெற்றிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

காமாலைக்கு ஹாஸ்டல் தண்ணீர்தான் காரணம் என்று வாதாடலாமா? மகனுக்கு மட்டும் வந்திருந்தால் வேண்டாம். காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ கிருமி உடலில் புகுந்து பொதுவாக 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் நோயைக் காட்டும். ‘ஆடித் தபசுக்கு ஊருக்குப் போனானே, அங்கே எத்தனை டம்ளர் ஐஸ் சர்பத் குடித்தான்’ என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார், நாட்கணக்குப் பேசியே நேரம் போகும். ஆனால் அதே மாதத்தில் அதே ஹாஸ்டலில் நான்கைந்து பேருக்கு வந்திருந்தால் கதை வேறு. மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்குப் புகார் எழுதுங்கள்; மெஸ்ஸுக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமமோ பதிவோ கட்டாயம். அவர்கள் எடுக்கும் மாதிரியின் அறிக்கை உங்களுக்கும் சாட்சியாகும்.

இரண்டு விஷயம் கேட்க மறந்துவிட்டேன். அந்த 65,000 கல்விக்கடனிலிருந்து வங்கி நேராகக் கட்டியதா? அப்படியென்றால் திரும்பும் பணம் கடன் கணக்குக்குத்தான் போகும். வங்கிக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அப்புறம், மகன் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவரா? அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அந்த ஒதுக்கீடு என்றால் உங்களிடம் ஏன் வாங்கினார்கள் என்பதிலிருந்தே தொடங்கவேண்டும். எனக்கு மறுபடி எழுதுங்கள்.

பெட்டியை எடுக்கப் போகும் நாளில் மகனைத் தனியாக அனுப்பாதீர்கள், தாம்பரத்து மாப்பிள்ளை கூடப் போகட்டும். பெட்டியைத் திறந்து பார்த்து, பொருட்களைச் சரிபார்த்தபிறகே கையெழுத்துப் போடவேண்டும். ‘எனக்கு எந்தப் பாக்கியும் இல்லை, இனி எதுவும் கேட்கமாட்டேன்’ என்று அச்சடித்த தாளை நீட்டினால், ‘பொருட்களை மட்டும் பெற்றுக்கொண்டேன்’ என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். திரும்பும் வழியில் பழைய அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். கட்டிலில் புதுப் பையன் இருந்தால் அவனிடம் வம்பு வேண்டாம். எந்தத் தேதியில் வந்தாய் என்று மட்டும் கேட்டு வரட்டும்.