தூணில் இருந்த பிளக் பாயின்டும் வைப்பரில் இருந்த சீட்டும்

தம்பி, கேள்வி எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து எட்டு மாதம் ஆகிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறீர்கள். குடியிருக்கும் அடுக்குமாடியின் நிலத்தடி பார்க்கிங்கில், உங்கள் இடத்தை ஒட்டிய தூணில் ஒரு பிளக் பாயின்ட் இருக்கிறது. மூன்று ராத்திரி அதில் சொருகினீர்கள். நாலாம் நாள் காலையில் வைப்பருக்கு அடியில் ஒரு சீட்டு: "இது பொது மின்சாரம். இங்கே கார் சார்ஜ் செய்ய அனுமதி இல்லை." வாடகையோடு பொதுச்செலவுக்கும் மாதாமாதம் கட்டுகிறேனே, அந்த பாயின்டில் எனக்கும் பங்கு இல்லையா, இவர்கள் ஏன் இவ்வளவு அற்பமாக இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்கள்.

அற்பம் இல்லை தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரண பாயின்டில் 10 ஆம்பியர் இழுத்தால் 2.3 கிலோவாட். பத்து மணி நேரத்துக்கு 23 யூனிட். இங்கே வீட்டு மின்சாரம் யூனிட் 35, 40 சென்ட் என்று போகிறது. ஒரு ராத்திரிக்கு எட்டு, ஒன்பது யூரோ; மூன்று ராத்திரிக்கு 25 யூரோ பக்கம். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று பழகி வந்தவர்களுக்கு ஒரு பாயின்டில் எதையாவது சொருகுவது செலவாகவே தோன்றாது. போன் சார்ஜரைச் சொருகுகிற கையோடு காரையும் சொருகிவிடுகிறோம். போனுக்கு ஆகும் செலவு அரை சென்ட். காரின் கதை வேறு.

பொதுச்செலவுக்குக் கட்டுகிறீர்கள், சரி. அந்தப் பணம் மாடிப்படி விளக்குக்கும் லிஃப்டுக்கும் பார்க்கிங் கதவின் மோட்டாருக்கும். இவர்கள் 'அல்கெமைன்ஸ்ட்ரோம்' (பொது மின்சாரம்) என்று சொல்லும் அந்த ஒரே மீட்டரில்தான் உங்கள் தூணும் இருக்கிறது. வருஷக் கடைசியில் பில் வந்ததும் எல்லா வீட்டுக்கும் பிரித்துப் போடுவார்கள். கார் வைத்துக்கொள்ளாத மூன்றாம் மாடிப் பாட்டியும் உங்கள் வண்டிக்குப் பங்கு கட்டுவார். வருஷாவருஷம் அந்தக் கணக்கை வரிவரியாகப் படிக்கிற ஒருவர் ஒவ்வொரு கட்டிடத்திலும் இருப்பார். அநேகமாகச் சீட்டு எழுதியவர் அவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் கம்பியில் கொக்கி போட்டால்தான் மின்திருட்டு என்பார்கள். இங்கே அதற்குக் கொக்கி வேண்டியதில்லை. 1890களில் இந்தக் கேள்வி ஜெர்மன் நீதிமன்றத்துக்குப் போனபோது, திருட்டு என்றால் ஒரு பொருளை எடுக்க வேண்டும், மின்சாரம் பொருள் இல்லை, அதனால் இது திருட்டு ஆகாது என்று தீர்ப்பானது. அந்த ஓட்டையை அடைக்க 1900-இல் தனிச்சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அது குற்றவியல் சட்டத்தில் 248சி என்ற பிரிவாக இருக்கிறது. அபராதம் அல்லது ஐந்து வருஷம் வரை சிறை. மூன்று ராத்திரிக்கு யாரும் உங்களை ஜெயிலில் போடப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் வேலை செய்யும் இடத்தில் இதே தப்பைச் செய்துவிடாதீர்கள். விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு வழக்கு சொல்கிறேன்.

2010-இல் ஹாம் நகரத் தொழிலாளர் மேல்நீதிமன்றத்தில் ஒன்று. 19 வருஷம் வேலை பார்த்த ஒருவர், 'செக்வே' என்ற தன் இரண்டு சக்கர பாட்டரி வண்டியை கம்பெனி பாயின்டில் ஒன்றரை மணி நேரம் சொருகினார். செலவு 1.8 சென்ட். வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள். அடுத்தது டூயிஸ்பர்க்: விருந்தினர் விடுதி வரவேற்பில் வேலை பார்த்தவர் தன் ஹைபிரிட் காரை நடைபாதை பாயின்டில் சொருகினார். சுமார் 40 சென்ட். அவருக்கும் வேலை போனது. இரண்டு வழக்கிலும் நீதிமன்றம் பணிநீக்கம் செல்லாது என்றுதான் சொன்னது. செய்தது சரி என்று சொல்லவில்லை, முதலில் எச்சரிக்கை கொடுத்திருக்கலாமே என்றது. டூயிஸ்பர்க் வழக்கு அப்பீலுக்குப் போய், 2023 செப்டம்பரில் 8,000 யூரோ கொடுத்து சமரசம் ஆனது. 40 சென்ட் கரண்டுக்கு!

என் கதையையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் உபதேசம் மட்டும் செய்தவன் ஆகிவிடுவேன். 2017-இல் முதல் எலக்ட்ரிக் கார் வாங்கிய புதுசு. ஒரு குளிர்கால சாயங்காலம், ஆபீஸ் பார்க்கிங்கின் மூலையில் ஒரு பாயின்ட் கண்ணில் பட்டது. அதில் ஏற்கெனவே ஏதோ சொருகியிருந்தது. தரை கழுவும் பாட்டரி வண்டி. ஆபீஸ்தான் மூடிவிட்டதே, இதற்கு இப்போது என்ன அவசரம் என்று அதைப் பிடுங்கிவிட்டு என் கேபிளைச் சொருகினேன். காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் எட்டு மணிக்கு வந்தால், என் கேபிள் அழகாகச் சுருட்டி பானட் மேல் வைக்கப்பட்டிருந்தது. நடுவில் தொங்கும் அந்தப் பெட்டி (இங்கே அதைச் செங்கல் என்றுதான் சொல்வார்கள்) ஈரம் படாமல் இருக்க அடியில் ஒரு துணிகூட விரித்திருந்தது. பக்கத்தில் துப்புரவு செய்யும் அம்மா நின்றிருந்தார். போஸ்னியாவிலிருந்து வந்தவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். காலை ஐந்து மணிக்கு வந்தவர், வண்டியில் சார்ஜ் இல்லாததால் இரண்டு மாடித் தரையையும் கையால் மாப் போட்டிருக்கிறார். ஏழு மணிக்கு இன்னொரு இடத்தில் வேலையாம். அதைத் தள்ளிப்போட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறார். கத்தவில்லை. என்னை விடவும் உடைந்த ஜெர்மனில், "இது என் பிளக்" என்றார். யாரிடமும் புகார் செய்யவும் இல்லை. அவர் புகார் செய்திருந்தால் நான் சுலபமாகத் தப்பித்திருப்பேன் தம்பி.

சென்ட் கணக்கைப் பார்த்தால் என் கட்சிதான் பலமாகத் தெரியும். அந்த பாயின்டை நம்பி யார் இருக்கிறார், அதே ஃபியூஸில் வேறு என்ன ஓடுகிறது என்பதெல்லாம் சொருகுகிறவனுக்குத் தெரியாது. உங்கள் தூணில் ஃபியூஸ் போனால் பார்க்கிங் கதவும் நின்றுவிடலாம். காலை ஏழு மணிக்கு நாற்பது கார் உள்ளே மாட்டிக்கொண்டால் அப்புறம் சீட்டெல்லாம் வராது. சூடு வேறு. இந்த வீட்டு பாயின்ட் ராத்திரி முழுக்க அவ்வளவு லோடு தாங்குவதற்குச் செய்ததில்லை. அனுமதி கிடைத்த இடத்தில்கூட ஆம்பியரைக் குறைத்து வையுங்கள், ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுருள் எக்ஸ்டென்ஷன் வயரில் போட நேர்ந்தால் முழுக்க அவிழ்த்துவிட்டுப் போடுங்கள். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் உருகும்.

இப்போது செய்ய வேண்டியது. சீட்டு வந்ததை நல்லதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் முதலில் சீட்டு, அடுத்து ஹவுஸ்ஃபெர்வால்டுங் எனப்படும் கட்டிட நிர்வாகத்துக்குக் கடிதம். நீங்கள் இன்னும் முதல் படியில்தான் இருக்கிறீர்கள். நிர்வாகத்துக்கு நீங்களே மெயில் போட்டுவிடுங்கள்: மூன்று ராத்திரி, சுமார் இவ்வளவு யூனிட், தெரியாமல் செய்துவிட்டேன், பணத்தை எங்கே கட்டட்டும். முதலில் நாமே சொல்லிவிட்டால் இவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இறங்கி வருவார்கள்.

அதோடு வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு கடிதம். 2020 டிசம்பர் முதல் வாடகைக்காரருக்கும் ஒரு உரிமை இருக்கிறது. சிவில் சட்டம் 554-ஆவது பிரிவின்படி, தன் செலவில் சார்ஜிங் வசதி வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். தக்க காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. வீட்டுக்காரர் அதை அந்தக் கட்டிடத்து வீட்டு உரிமையாளர்கள் கூட்டத்தில் வைக்க வேண்டியிருக்கும். அந்தக் கூட்டம் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒருமுறைதான், அதனால் தேதியை விசாரித்துக்கொண்டு எழுதுங்கள். சுவரில் வைக்கும் சார்ஜரான வால்பாக்ஸுக்கு ஆள் கூலியோடு ஆயிரம் யூரோவைத் தாண்டும். அந்த ஊரில் எத்தனை வருஷம் இருப்பீர்கள் என்று யோசித்துச் செய்யுங்கள். பூட்டும் தனி மீட்டரும் வைத்த ஒரு பாயின்ட் போதும் என்றால் அதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆபீஸில் கேட்டு வாங்கிச் சார்ஜ் செய்தால், 2030 வரை அந்த மின்சாரத்துக்கு உங்களிடம் வருமான வரிகூட பிடிக்க மாட்டார்கள். நண்பர் வீட்டுக்கோ விடுமுறை வீட்டுக்கோ போகும்போது கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாட்டரி மூன்று சதவீதத்தில் வந்து வாசலில் நின்றுகொண்டு கேட்டால் அவர்களால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது, அது கேட்டதாகாது. தெருவில் உள்ள பொதுச் சார்ஜரில் வண்டி நிறைந்ததும் எடுத்துவிடுங்கள். நாலு மணி நேரத்துக்கு மேல் நின்றால் நிமிஷக் கணக்கில் தனியாகப் பிடிக்கும் கம்பெனிகள் உண்டு.

சீட்டில் பெயர் இருந்தால் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மணி அடித்துவிடாதீர்கள், இங்கே அது சத்தம் போடக்கூடாத ஓய்வு நேரம், அதற்குத் தனியாக ஒரு சீட்டு வரும்.