மூன்றரை மணி நேரத் தூக்கம் பழகிப்போகுமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது. தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து, சைக்கிளில் சயான் பக்கம் கொண்டுபோய் விற்கிறார். ராத்திரி 11 மணிக்குப் படுத்தால் 2.30க்கு எழுந்துவிடுவார். மாத்திரை சாப்பிடுகிறார், இனிப்பை அறவே விட்டுவிட்டார். அப்படியும் வெறும் வயிற்றில் சுகர் 150க்குக் கீழே இறங்கவில்லை. தூக்கம் குறைந்தால் சுகர் ஏறுமா? கேட்டால், 'இருபது வருஷமா இப்படித்தான், உடம்புக்குப் பழகிப்போச்சு' என்கிறார். போன வாரம் கொப்பரை மூடியைத் திறக்கும்போது கண் சொருகி, ஆவியில் கையைச் சுட்டுக்கொண்டார்.
– ஒரு வாசகி, தாராவி, மும்பை

பதில்: ஏறும் அம்மா. தூக்கம் குறைந்தால், இன்சுலின் சுரந்தாலும் உடம்பு அதற்குச் சரியாக மசிவதில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். வியாபாரம் முடிந்து வந்ததும் மிச்ச இட்லியில் கை போகிறதென்றால் அவரைத் திட்டாதீர்கள், அது நாக்கு ருசி மட்டும் இல்லை. தூங்கும்போது ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்கும். அந்த ஓய்வும் அவருக்குப் பாதிதான் கிடைக்கிறது. பி.பி.யையும் பார்த்துவிடுங்கள்.

'பழகிப்போச்சு' என்கிறாரே, அதுதான் எனக்குக் கவலை. 2003இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சிலரை இரண்டு வாரம் தினமும் 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். கடைசியில் அவர்களுடைய கவனம், இரண்டு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லாதவர்கள் அளவுக்கு இறங்கியிருந்தது. அவர்களைக் கேட்டால், லேசாகத் தூக்கம் வருகிறது, அவ்வளவுதான் என்றார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, முப்பது மணி நேர டியூட்டியின் முடிவில் 4 யூனிட் இன்சுலினுக்குப் பதில் 40 என்று எழுதிவிட்டேன். நர்ஸ் அக்கா சீட்டைத் திருப்பி நீட்டி, 'டாக்டர், இன்னொரு தடவை பாருங்க' என்றார். களைப்பாக இருக்கிறேன் என்றே அன்று எனக்குத் தோன்றவில்லை.

பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். உங்கள் தொழிலில் அது ஒரே மூச்சில் கிடைக்காது, சரி. மாவு அரைக்கிற வேலையைச் சாயங்காலம் 6 மணிக்குள் முடித்து, 9 மணிக்கு டி.வி.யை அணைத்துவிட்டால் ராத்திரி ஐந்தரை மணி நேரம் ஆச்சு. மதியம் ஒன்றரை மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். ஒற்றை அறை என்றால் ஜன்னலுக்கு ஒரு கெட்டித் துணி கட்டுங்கள். மதியம் 2 மணிக்கு அப்புறம் டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி காஃபின் உடம்பில் நிற்கும். குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறுகிறாரா என்றும் ஒரு ராத்திரி கவனியுங்கள். இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்ட வேண்டும். மாத்திரையை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சுட்ட புண் ஆறிவிட்டதா என்று எழுதவில்லையே? சுகர் இருக்கும்போது புண் ஆறத் தாமதமாகும், சீழும் பிடிக்கும். இன்னும் ஆறவில்லை என்றால் நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.