பழைய நிழற்படம் வாங்குகிறீர்களா? பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். அடிமை முறையை எதிர்த்துப் பேசிய சோஜர்னர் ட்ரூத்தின் படம், 1864-ஆம் ஆண்டு அசல் என்று ஒரு சின்ன அட்டை இணைய ஏலத்துக்கு வந்திருக்கிறது. முன்பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறார்கள். ஃப்ரேம் போட்டிருப்பதால் பிரிக்க முடியாதாம். மகளுக்குப் பரிசாக வாங்க ஆசை. வாங்கலாமா?

பதில்: பின்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். இந்த வகைப் படத்தில் பாதிச் சேதி அங்கேதான் இருக்கிறது.

இதன் பெயர் கார்ட் டி விசிட். 10 செ.மீ. உயரம், 6 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். முட்டையின் வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் படத்தை அச்சிட்டு அட்டையில் ஒட்டியிருப்பார்கள். ஒரே நெகடிவிலிருந்து வேண்டிய பிரதிகள் எடுக்கலாம் என்பதால் 1860-களில் அமெரிக்காவில் இது வீட்டுக்கு வீடு போனது.

ட்ரூத் இதைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டார். நியூயார்க் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பேசப் போன இடங்களில் தன் படத்தைத் தானே விற்று, அந்தக் காசில் வாழ்ந்தார். பல அட்டைகளில் படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும். தமிழில் சொன்னால், "நிழலை விற்று நிஜத்தைத் தாங்குகிறேன்." அன்றைக்கு அங்கே போட்டோவை நிழல் என்று சொல்வது உண்டு. நிழற்படம் என்று சொல்லிப் பழகிய நமக்கு அது தனியாக விளங்க வேண்டியதில்லை. படத்தில் தழும்பு, கிழிந்த உடை எதுவும் கிடையாது. வெள்ளைத் தொப்பியும் சால்வையுமாக, சில படங்களில் பின்னிக்கொண்டிருந்த நூல் கையில் இருக்க, நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். அதனால்தான் இந்த அட்டையைப் போலியாக யாரும் வாங்கிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, பின்பக்கத்தில் என்ன பார்ப்பது? 1864-இல் மிச்சிகன் கிழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பதிவு செய்த உரிமை வாசகம் பல பிரதிகளில் அச்சாகியிருக்கும். அந்த உரிமை, படம் எடுத்தவர் பெயரில் இல்லை. ட்ரூத் பெயரிலேயே இருக்கிறது. ஒரு வருவாய் முத்திரையும் ஒட்டியிருக்கலாம். உள்நாட்டுப் போரின் செலவுக்காகப் போட்டோவுக்கும் வரி போட்டார்கள். அந்த வரி 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான் இருந்தது. ஆகவே முத்திரை இருந்தால் அட்டை விற்ற காலம் ஓரளவு பிடிபட்டுவிடும். முத்திரை இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். அதற்கு முன்னும் பின்னும் விற்றவை நிறைய. மூலைகளையும் கவனியுங்கள். 1860-களின் அட்டைகளுக்குப் பெரும்பாலும் கூர்மையான மூலை. வளைந்த மூலை பரவலானது 1870-களில்.

அப்புறம், நகைக்கடையில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில வருடங்களுக்கு முன் நானும் ஓர் அட்டை வாங்கினேன். பழுப்பு நிறம், கசங்கிய ஓரம், எல்லாம் நம்பும்படி இருந்தது. லென்ஸை முகத்தின் மேல் வைத்தேன். கன்னம் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி, செய்தித்தாள் படத்தில் தெரிகிற மாதிரி. அச்சகத்தில் அடித்த நகல் அது. அசல் பிரிண்டில் புள்ளி இருக்காது. நிழல் வெளிச்சமாகப் படிப்படியாக மாறும், அடியில் தாளின் நார் தெரியும், மேல்பூச்சில் மயிரிழை வெடிப்புகள்கூட இருக்கும். புற ஊதா டார்ச் அடித்துத் தாள் பளீரென்று நீலமாக மின்னினால் அது 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்திய தாள்.

ஃப்ரேமைப் பிரிக்க முடியாது என்ற பேச்சை ஏற்காதீர்கள். "அக்காலத்து அசல் பிரிண்ட், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கிரெடிட் கார்டில் செலுத்துங்கள். தகராறு வந்தால் கேட்க வழி இருக்கும். மகள் சுவரில் மாட்டிப் பார்க்கத்தான் என்றால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் இவருடைய படம் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல தாளில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். அதில் ஏமாற்றம் இல்லை.

கேள்வி: ஒரு சந்தையில் சிறு பெட்டிக்குள் வெள்ளித் தகட்டுப் படம் பார்த்தேன். இளம் கறுப்பின மனிதர் ஒருவர். அடிமை முறையிலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸ் என்று பெரிய விலை சொல்கிறார்கள். பெயர் எதுவும் எழுதியில்லை.

பதில்: டக்ளஸின் விலையைக் கொடுக்காதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட அமெரிக்கர் அவர்தான்; அறியப்பட்ட தனித்தனிப் படங்கள் ஏறக்குறைய 160. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமாக இருக்கிறது, ஆசைப்பட்டுப் பெயர் சூட்டவும் இடமிருக்கிறது. ஒப்பிடும்போது ஒன்றை மறக்காதீர்கள்: டாகுரோடைப் எனப்படும் இந்த வெள்ளித் தகட்டுப் படத்தில் பெரும்பாலும் இடம் வலம் மாறியிருக்கும். வகிடு எந்தப் பக்கம் என்று பார்ப்பவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.

தகடு டாகுரோடைப்தானா என்பதைக் கையில் எடுத்தாலே கண்டுபிடிக்கலாம். மெல்லச் சாய்த்தால் முகம் நெகடிவாக மாறும், இன்னும் சாய்த்தால் உங்கள் முகமே கண்ணாடியில் போலத் தெரியும். காந்தம் ஒட்டினால் அது இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப், 1856-க்குப் பிறகு வந்தது.

முகம் யாருடையது என்பதற்கு முகச்சாயல் போதாது, கைமாறி வந்த வரலாறு வேண்டும். அடிமைகள் தப்பிச் செல்ல உதவிய ஹாரியட் டப்மனின் இளவயதுப் படம் ஒன்று 2017-இல் ஏலத்துக்கு வந்தது. அது எமிலி ஹௌலண்ட் என்ற அடிமை முறை எதிர்ப்பு ஆசிரியையின் ஆல்பத்தில் இருந்தது. அந்த ஆசிரியை, டப்மன் குடியிருந்த ஆபர்ன் என்ற ஊர்ப் பக்கத்துக்காரர். காங்கிரஸ் நூலகமும் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகமும் சேர்ந்து அந்த ஆல்பத்தை 1,61,000 டாலருக்கு வாங்கின. உங்கள் விற்பனையாளரிடம் அப்படி ஒரு வரலாறு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பெயர் தெரியாத ஒரு மனிதரின் படம் என்ற விலைக்குக் கொடுத்தால் வாங்குங்கள். அவரும் தலை சீவி, கோட்டு மாட்டி, அசையாமல் உட்கார்ந்து காத்திருந்தவர்தான்.

கேள்வி: தாத்தா காலத்து டாகுரோடைப் மங்கலாக இருக்கிறது. பஞ்சால் துடைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். வெள்ளியின் மேல் படிந்திருக்கும் உருவம் துடைத்தால் அப்படியே வந்துவிடும், திரும்பக் கிடைக்காது. கண்ணாடியைத் திறக்காமல், வெயில் படாத இடத்தில் வைத்து, பாதுகாப்பு நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள்.